கியூபெக்குக்கு வெளியே வாழும் பிரெஞ்சு மொழியினர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் பிரெஞ்சு பேசுவோர் என்றதும் கியூபெக் மாகாணமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆங்கிலம் ஓங்கி நிற்கும் மற்ற மாகாணங்களிலும் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட சமூகங்கள், சில இடங்களில் நானூறு ஆண்டுகளாக, வாழ்ந்து வருகின்றன. அவர்களுடைய வரலாறு, சட்ட உரிமைகள், இன்றைய நிலை ஆகியவை குறித்துத் தமிழ் வாசகர்களிடையே எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

இவர்கள் எத்தனை பேர்? எங்கெங்கே வாழ்கிறார்கள்?

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சை முதல் அலுவல் மொழியாகக் கொண்டவர்கள், அதாவது இரு அலுவல் மொழிகளுள் பிரெஞ்சையே முதன்மையாகக் கொண்டவர்கள், ஏறத்தாழ 10.4 லட்சம் பேர். அது அப்பகுதிகளின் மொத்த மக்கள்தொகையில் 3.3 விழுக்காடு. இவர்களுள் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது சுமார் 5.5 லட்சம் பேர், ஒன்டாரியோவில் இருக்கிறார்கள். ஒட்டாவாவிலும் அதற்குக் கிழக்கே உள்ள பிரெஸ்காட்-ரஸ்ஸல் வட்டாரத்திலும், வடக்கே சட்பரி, டிம்மின்ஸ், ஹர்ஸ்ட் ஆகிய ஊர்களிலும் அவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். மரத்தொழிலை நம்பியிருக்கும் ஹர்ஸ்டில் பிரெஞ்சு மொழியினரே பெரும்பான்மையினர் என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. அடுத்த இடத்தில் இருப்பது நியூ பிரன்சுவிக்; அங்கே சுமார் 2.3 லட்சம் பேர், மாகாண மக்களில் சுமார் 30 விழுக்காட்டினர், பிரெஞ்சு மொழியினர். எஞ்சியவர்கள் நோவா ஸ்கோஷியா முதல் பிரிட்டிஷ் கொலம்பியா வரை சிறு சிறு குழுக்களாகப் பரவியிருக்கிறார்கள்.

அகாடியர் என்று அழைக்கப்படுவோர் யார்?

இன்றைய நோவா ஸ்கோஷியாவிலுள்ள போர் ருவாயல் என்னும் இடத்தில் 1605இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேற்றம் அமைத்தார்கள். அங்கிருந்து பெருகிய சமூகமே அகாடியர். ஃபண்டி விரிகுடாவின் கடும் ஓதங்களைத் தடுக்கக் கரைகள் எழுப்பி, உவர்ச் சதுப்பு நிலத்தை விளைநிலமாக மாற்றிய உழவர்கள் அவர்கள். 1713இன் உட்ரெக்ட் உடன்படிக்கையால் அவர்களுடைய நிலம் பிரிட்டனின் கைக்குப் போயிற்று. போர் மூண்டால் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகவோ ஆங்கிலேயர்களுக்கு எதிராகவோ ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று சொல்லி, நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர்கள் மறுத்து வந்தார்கள். 1755இல் துணை ஆளுநர் சார்ல்ஸ் லாரன்சும் அவருடைய ஆலோசனைக் குழுவும் அவர்களை ஒட்டுமொத்தமாக நாடுகடத்த முடிவு செய்தனர்.

அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள், கிரான் ப்ரே என்னும் ஊரில், பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் மாதா கோயிலுக்கு வரவழைக்கப்பட்டார்கள். 418 பேர் உள்ளே வந்தபின், நிலமும் வீடும் கால்நடையும் மன்னருக்கு உரியவையாகிவிட்டன, குடும்பத்தோடு வெளியேற வேண்டும் என்ற ஆணையைக் கர்னல் ஜான் வின்ஸ்லோ ஆங்கிலத்தில் படித்தார். அது அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. 1763 வரை நீடித்த இந்த நடவடிக்கையில் ஏறத்தாழ 10,000 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். வழியிலேயே நோயாலும் கப்பல்கள் மூழ்கியதாலும் மாண்டவர்கள் பலர். 1764இல் திரும்பி வர அனுமதி கிடைத்தபோது, அவர்கள் திருத்திய வளமான நிலங்களில் நியூ இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறியிருந்தார்கள். அதனால்தான் இன்றைய அகாடியர் ஊர்கள் பெரும்பாலும் நியூ பிரன்சுவிக்கின் வடக்கு, கிழக்குக் கடற்கரைகளில் இருக்கின்றன. இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அகாடியரின் மொழிப் பிடிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. 2003 டிசம்பரில் அரசியின் பெயரால் வெளியிடப்பட்ட அரச பிரகடனம் ஒன்றின் மூலம் இந்த அநீதி அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்டது; ஜூலை 28 அதன் நினைவு நாள்.

கனடா தொடக்கத்திலிருந்தே இருமொழி நாடு அல்லவா? இவர்களுடைய உரிமை எப்படிப் பறிபோயிற்று?

1867இன் அரசியலமைப்புச் சட்டம் கூட்டாட்சி நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் இரு மொழிகளையும் அனுமதித்தது. பள்ளிகளைப் பொறுத்தவரையில் அது காத்தது மத உரிமையை மட்டுமே. பயிற்று மொழி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கல்வி மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், ஆங்கிலேயப் பெரும்பான்மை அமைந்த இடமெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மானிடோபாவின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். பிரெஞ்சு பேசும் மெத்தி இனத்தவரான (பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழித்தோன்றல்களான) லூயி ரியேலின் தலைமையில் நடந்த எழுச்சியின் பயனாக 1870இல் அம்மாகாணம் பிறந்தது. அதன் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் இரு மொழிகளும் செல்லும் என்று மானிடோபா சட்டத்தின் 23ஆம் பிரிவு உறுதியளித்தது. ஒன்டாரியோவிலிருந்து குடியேறிகள் பெருமளவில் வந்து சேர, இருபதே ஆண்டுகளில் மக்கள்தொகையின் சமநிலை மாறியது. 1890இல் மாகாண அரசு ஆங்கிலத்தை ஒரே அலுவல் மொழியாக்கியது. அச்சட்டம் செல்லாது என்று சான் போனிஃபாஸ் வட்டார நீதிமன்றம் 1892இலும் 1909இலும் தீர்ப்பளித்தும் அரசு அதைப் பொருட்படுத்தவே இல்லை. 1916இல் இருமொழிப் பள்ளிகளும் ஒழிக்கப்பட்டன. அதற்குப் பின் பல பள்ளிகளில் ஆசிரியர்கள் பிரெஞ்சுப் பாடத்தை மறைவாகவே நடத்தினார்கள். பள்ளி ஆய்வாளர் வரும் செய்தி கிடைத்தால் புத்தகங்கள் ஒளித்து வைக்கப்படும்.

இந்த நிலை மாறியது ஓர் அபராதச் சீட்டால். 1976இல் சான் போனிஃபாஸைச் சேர்ந்த ஜோர்ஜ் ஃபொரெஸ்ட் என்னும் காப்பீட்டு முகவர், வாகனம் நிறுத்தியதற்காகத் தமக்குக் கொடுக்கப்பட்ட அபராதச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததைக் காரணம் காட்டி வழக்குத் தொடுத்தார். கட்டிவிட்டுப் போகக்கூடிய சிறு தொகைதான் அது. அவர் விடவில்லை. 1979 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் 1890இன் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1985இல் அதே நீதிமன்றம் ஒரு படி மேலே போய், ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்ட மானிடோபாவின் சட்டங்கள் எல்லாமே செல்லாதவை என்றும், மாகாணம் சட்டமே இல்லாத நிலைக்குத் தள்ளப்படக் கூடாது என்பதற்காக மொழிபெயர்ப்பு முடியும் வரை மட்டும் அவை தற்காலிகமாகச் செல்லும் என்றும் அறிவித்தது.

ஒன்டாரியோவின் 17ஆம் ஒழுங்குவிதி என்பது என்ன?

1912இல் ஒன்டாரியோ அரசு கொண்டுவந்த இந்த விதி, தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு வழியில் கற்பிப்பதைத் தடை செய்தது. அதற்கு மேல் பிரெஞ்சு ஒரு பாடமாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே அனுமதிக்கப்பட்டது. எதிர்ப்பின் குரலாக ஒட்டாவாவில் 'லெ துருவா' என்னும் நாளிதழ் 1913இல் தொடங்கப்பட்டது.

ஒட்டாவாவின் கீக் பள்ளியில் பணியாற்றிய பெயாத்ரீஸ், தியான் என்னும் தெலோஜ் சகோதரிகள் இந்த விதிக்குப் பணிய மறுத்தார்கள். வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் சிற்றாலயங்களிலும் காலியான கடைகளிலும் வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். 1916 ஜனவரியில் பெற்றோர் அந்தச் சகோதரிகளை மீண்டும் பள்ளிக்குள் அழைத்து வந்து அமர்த்தினார்கள். காவலர்கள் வந்தால் தடுப்பதற்காகத் தாய்மார்கள் தங்கள் தொப்பிகளில் செருகும் நீண்ட ஊசிகளைக் கையில் ஏந்தி வாயிலில் காவல் நின்றார்கள். அந்த விதி 1927இல் தளர்ந்து, 1944இல் காலாவதியானது. அதற்காக ஒன்டாரியோ அரசு சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் தங்கள் மொழியில் எழுதப் பழகாமலே வளர்ந்தது. மன்னிப்பால் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது.

இன்று பள்ளி உரிமை எந்த அளவுக்கு இருக்கிறது?

1982இன் உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனத்தின் 23ஆம் பிரிவே இன்றைய அடித்தளம். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பெற்றோர், கனடாவில் பிரெஞ்சு வழியில் தொடக்கக் கல்வி பெற்ற பெற்றோர், ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்க வைத்திருக்கும் பெற்றோர் ஆகியோர், கனடியக் குடிமக்களாக இருப்பின், தங்கள் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் பிரெஞ்சு வழிக் கல்வி கோரலாம். போதிய எண்ணிக்கையில் மாணவர்கள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

எது போதிய எண்ணிக்கை என்பதில்தான் பெரும்போர் நடந்தது. ஆல்பர்ட்டாவின் எட்மன்டன் நகரப் பெற்றோர் தொடுத்த மஹே வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன். மாணவர் எண்ணிக்கை உயர உயர உரிமையும் விரியும். குறைவாக இருந்தால் ஒரு வகுப்பு, மேலும் கூடினால் தனிப் பள்ளி, அதற்கும் மேல் போனால் சிறுபான்மையினரே நிர்வகிக்கும் தனிப் பள்ளி வாரியம் என்று நீதிமன்றம் விளக்கியது. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், செலவு ஆகியவற்றை அந்தச் சமூகமே முடிவு செய்யும் நிலை அதனால் வந்தது. பெரும்பான்மையினரின் வாரியத்துக்குக் கீழே இருக்கும் பிரெஞ்சு வகுப்பு, வரவு செலவு நெருக்கும்போது முதலில் வெட்டப்படும். சொந்த வாரியம் உள்ள பள்ளியை அவ்வளவு எளிதில் எவராலும் தொட முடிவதில்லை. ஒன்டாரியோவில் இன்று அப்படிப்பட்ட 12 பிரெஞ்சு மொழிப் பள்ளி வாரியங்கள் இயங்குகின்றன. அவற்றுள் 8 கத்தோலிக்க வாரியங்கள், 4 பொது வாரியங்கள்.

உரிமை ஏட்டில் இருந்தால் போதாது என்பதற்கு வான்கூவர் நகரின் ரோஸ் தே வான் பள்ளி சான்று. அளவுக்கு மீறிய மாணவர் நெரிசல், சாளரமில்லாத வகுப்பறைகள், மிகச் சிறிய நூலகம், போதாத கழிப்பறைகள், பள்ளிக்குப் போகவே நீண்ட பேருந்துப் பயணம் என்று இருந்த நிலையை அப்பள்ளிப் பெற்றோர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார்கள். அக்கம்பக்கத்து ஆங்கிலப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் தம் பிள்ளையை அங்கே அனுப்பப் பெற்றோர் தயங்குவார்களா என்பதே அளவுகோல் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறி, பெற்றோர் பக்கம் நின்றது.

பிரெஞ்சு இம்மர்ஷன் பள்ளியும் பிரெஞ்சு மொழிப் பள்ளியும் ஒன்றுதானா?

இல்லை. கனடாவாழ் தமிழ்ப் பெற்றோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. இம்மர்ஷன் என்பது ஆங்கிலப் பள்ளி வாரியங்கள், பிரெஞ்சு பேசாத குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சை இரண்டாம் மொழியாகக் கற்பதற்காக நடத்தும் ஏற்பாடு. 1965இல் கியூபெக்கின் சான் லாம்பேர் ஊரில் ஆங்கிலப் பெற்றோரின் முயற்சியால் தொடங்கியது. பாடம் பிரெஞ்சில் நடந்தாலும், விளையாட்டிடத்திலும் பள்ளி அலுவலகத்திலும் ஆங்கிலமே புழங்கும். பிரெஞ்சு மொழிப் பள்ளியில் வகுப்பும் நிர்வாகமும் பெற்றோருக்கு வரும் கடிதமும் பிரெஞ்சிலேயே இருக்கும். அந்தச் சமூகத்துக்கு அது பள்ளி மட்டுமன்று. நாடகம், இசை, கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுவே கூடுமிடம். இம்மர்ஷன் வகுப்புகள் பெருகுவதால் சிறுபான்மையினரின் பள்ளித் தேவை தீர்ந்துவிடுவதில்லை.

ஒரு மருத்துவமனைக்காக ஏன் அத்தனை பெரிய போராட்டம் நடந்தது?

1997இல் ஒன்டாரியோ அரசு அமைத்த மறுசீரமைப்பு ஆணையம், ஒட்டாவாவின் மோன்ஃபோர் மருத்துவமனையை மூட வேண்டும் என்று முதலில் அறிவித்தது. மற்ற மருத்துவமனைகளில் பிரெஞ்சு தெரிந்த பணியாளர்கள் இருக்கிறார்களே என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆனால் அம்மாகாணத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் முழுக்க முழுக்கப் பிரெஞ்சில் பயிற்சி பெறுவதற்கு இருந்த இடம் அது ஒன்றே. அது போனால் அடுத்த தலைமுறை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் மட்டுமே நோயாளியிடம் பேசப் பழகியிருப்பார்கள். வலியில் துடிக்கும் முதியவர் ஒருவர் தம் நோவைத் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்வார் என்பதை விளக்கவே வேண்டியதில்லை.

வானியே நகரின் முன்னாள் மேயர் ஜிசெல் லலோந் தலைமையில் இயக்கம் எழுந்தது. 1997 மார்ச் 22 அன்று ஒட்டாவாவில் நடந்த கூட்டத்தில் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டார்கள். ஆணையம் சற்று இறங்கி வந்து, மூடுவதற்குப் பதிலாகச் சேவைகளைக் குறைக்க முன்வந்தது. அதையும் அவர்கள் ஏற்கவில்லை. 2001 டிசம்பரில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், சிறுபான்மையினரைக் காப்பது அரசியலமைப்பில் எழுதப்படாத அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று என்றும், ஒரு சமூகத்தின் நிலைப்புக்கு அந்த நிறுவனம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆணையம் கணக்கில் கொள்ளவில்லை என்றும் தீர்ப்பளித்தது. மோன்ஃபோர் இன்று முன்னைக் காட்டிலும் பெரிதாக வளர்ந்து இயங்குகிறது.

இத்தகைய ஆபத்து இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 2018 நவம்பர் 15 அன்று ஒன்டாரியோ அரசு, அரசுச் சேவைகள் பிரெஞ்சில் கிடைக்கின்றனவா என்று கண்காணித்த பிரெஞ்சு மொழிச் சேவைகள் ஆணையரின் தனி அலுவலகத்தை ஒழிப்பதாகவும், டொரன்டோவில் தொடங்கவிருந்த பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தைக் கைவிடுவதாகவும் ஒரே நாளில் அறிவித்தது. டிசம்பர் 1ஆம் நாள் மாகாணமெங்கும் சுமார் 40 இடங்களில் மக்கள் ஒன்டாரியோ பிரெஞ்சு மொழியினரின் பச்சை வெள்ளைக் கொடியோடு தெருவில் இறங்கினார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் அமாண்டா சிமார் கட்சியை விட்டே விலகினார். பல்கலைக்கழகம் 2021இல் திறக்கப்பட்டது. தனி ஆணையர் அலுவலகம் திரும்பவில்லை. 2021 ஏப்ரலிலேயே, கடன் நெருக்கடியில் சிக்கிய சட்பரியின் லாரன்ஷியன் பல்கலைக்கழகம் 69 பாடப்பிரிவுகளைக் கைவிட்டபோது, அவற்றுள் 28 பிரெஞ்சு வழிப் பிரிவுகளாக இருந்தன. இருமொழி நிறுவனத்துக்குள் சிறுபான்மைப் பங்காளியாக இருப்பதன் ஆபத்தை வடக்கு ஒன்டாரியோ மக்கள் அப்போது கண்கூடாகக் கண்டார்கள்.

நியூ பிரன்சுவிக் மட்டும் எப்படி வேறுபடுகிறது?

கனடாவில் அரசியலமைப்பின்படி இருமொழி மாகாணம் அது ஒன்றுதான். 1960இல் தேர்தலில் வென்று முதல்வரான அகாடியர் லூயி ரொபிஷோ, 1963இல் மோங்டன் பல்கலைக்கழகத்தையும் 1969இல் அலுவல் மொழிகள் சட்டத்தையும் கொண்டுவந்தார். 1993இல் இரு மொழிச் சமூகங்களும் சம உரிமை உடையவை என்பது சாசனத்திலேயே சேர்க்கப்பட்டது. தனிமனிதருக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கே உரிமை வழங்கியது அதன் சிறப்பு. இதன்படி இரு சமூகங்களுக்கும் தனித்தனிக் கல்வி அமைப்புகள் உள்ளன. அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தால் பணியாளர் முதலிலேயே இரு மொழிகளிலும் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது விதி. சிறுபான்மையினர் கேட்டால்தான் சேவை என்று இருந்தால், வரிசையில் பின்னால் நிற்பவர்களை எண்ணிக் கூச்சப்பட்டே பலர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள் என்பதை அறிந்து வகுத்த விதி அது.

அவர்கள் பேசும் பிரெஞ்சு 'கலப்பு மொழி' என்று சொல்லப்படுவது சரியா?

மோங்டன் வட்டாரத்தில் இளைஞர்கள் பேசும் ஷியாக் என்னும் வழக்கில் ஆங்கில வினையடிகள் பிரெஞ்சு விகுதி ஏற்று வருகின்றன. அதோடு பழைய அகாடியப் பிரெஞ்சின் சொற்களும் வாழ்கின்றன. அதைப் பேசியதற்காகவே ஆங்கிலேயரிடமும் பிற பிரெஞ்சு மொழியினரிடமும் அவர்கள் இகழ்ச்சியைச் சந்தித்திருக்கிறார்கள். தன் பேச்சு தாழ்ந்தது என்று நினைக்க வைக்கப்பட்ட பிள்ளை, அதைத் திருத்திக்கொள்வதில்லை, ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே இந்த இகழ்ச்சியைத் தீங்கு என்றே சொல்ல வேண்டும்.

கியூபெக் இவர்களுக்குத் துணை நிற்கிறதா?

எல்லாச் சமயங்களிலும் அல்ல. 1960கள் வரை கியூபெக்கிலும் வெளியிலும் பெரும்பாலோர் பிரெஞ்சுக் கனடியர் என்ற ஒரே பெயரால் தம்மை அழைத்துக்கொண்டார்கள். கியூபெக் தன்னைத் தனித் தேசமாக எண்ணத் தொடங்கியபின், 1967இல் மொன்றியலில் கூடிய மாநாட்டில் அந்த உறவு முறிந்தது. நீதிமன்றத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. 23ஆம் பிரிவுக்குத் தாராளமான பொருள் கொடுக்கப்பட்டால், அதே பொருள் கியூபெக்கிலுள்ள ஆங்கிலச் சிறுபான்மையினருக்கும் பொருந்தும் என்பது அந்த அரசின் அச்சம். 2015இல் முடிந்த, யூக்கான் பிரதேசத்தின் பிரெஞ்சுப் பள்ளி வாரிய வழக்கில் அது பிரெஞ்சுச் சிறுபான்மையினருக்கு எதிர்த்தரப்பில் நின்று வாதிட்டது. தன் மொழியைக் காக்க நினைக்கும் அரசு, அதே மொழி பேசும் பத்து லட்சம் பேரைக் கைவிடும் இந்த நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எண்ணிக்கை ஏன் குறைகிறது?

கியூபெக்குக்கு வெளியே உள்ள மக்கள்தொகையில் 1971இல் 6.1 விழுக்காடாக இருந்த பிரெஞ்சு மொழியினரின் பங்கு இன்று ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆங்கிலம் பேசுவோரை மணந்த குடும்பங்களில் பிள்ளைகளின் வீட்டு மொழி ஆங்கிலமாவதும், இளைஞர்கள் வேலை தேடிப் பெருநகரங்களுக்குப் போவதும், குடியேறுவோரில் பெரும்பாலோர் ஆங்கிலத்தையே தேர்வதும் காரணங்கள். குடியேறுவோரில் 4.4 விழுக்காட்டினர் பிரெஞ்சு மொழியினராக இருக்க வேண்டும் என்று 2003இல் வகுத்த இலக்கைக் கூட்டாட்சி அரசு 2022இல்தான் முதன்முறையாக எட்டியது. காமரூன், காங்கோ, ஹைட்டி போன்ற நாடுகளிலிருந்து வருவோரால் இன்று டொரன்டோ, வின்னிபெக், எட்மன்டன் நகரங்களின் பிரெஞ்சுப் பள்ளிகள் நிறைகின்றன. 2023இல் திருத்தப்பட்ட அலுவல் மொழிகள் சட்டம், பிரெஞ்சு மொழியினரின் குடியேற்றத்துக்கெனத் தனிக் கொள்கை வகுப்பதை அரசின் கடமையாக்கியது.

தமிழர் ஒருவர் பிரெஞ்சு கற்றுக் கனடா சென்றால், தம் பிள்ளையை இப்பள்ளியில் சேர்க்க முடியுமா?

2023 முதல், திறன் மிக்க தொழிலாளர்களைக் கனடா தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் குடியேற்ற முறையில், பேசுதல், கேட்டல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் கனடாவின் பிரெஞ்சுத் தேர்ச்சி அளவுகோலில் 7ஆம் நிலையை எட்டியவர்களுக்குத் தனி அழைப்புச் சுற்றுகள் நடத்தப்படுகின்றன. இது கியூபெக் தவிர்த்த பகுதிகளில் குடியேறுவோருக்கானது. அவ்வாறு செல்பவர் குடியுரிமை பெறும்வரை 23ஆம் பிரிவின்கீழ் உரிமை கோர இயலாது. எனினும் ஒன்டாரியோவில், உரிமையில்லாத குடும்பத்துப் பிள்ளையைச் சேர்ப்பது குறித்து முடிவு செய்யப் பிரெஞ்சு மொழிப் பள்ளி வாரியங்களில் சேர்க்கைக் குழு உண்டு. பள்ளி முதல்வர், ஆசிரியர், மேற்பார்வை அலுவலர் ஆகியோரைக் கொண்ட அக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோரும் வீட்டில் பிரெஞ்சுக்கு இடம் கொடுக்க ஆயத்தமாக இருந்தால்தான் பிள்ளையால் அங்கே தடுமாறாமல் படிக்க முடியும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.